பழைய தமிழ் நூலைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு பட்டியலிடுவது எப்படி?

நூலக மென்பொருளான கோஹாவில் புதிய பதிவைத் திறக்குமுன், பிற நூலகங்களின் பட்டியலில் தேடும் இசட்39.50 தேடலை ஓட்டிவிடுங்கள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் அதே பதிப்புக்குப் பதிவு இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள், செயற்கை நுண்ணறிவுக்கு வேலையே இல்லை. கிடைக்காதபோதுதான் இந்த வழி.

1. படம்

முகப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முகவுரையின் கடைசிப் பக்கம் மூன்றையும் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். முகப்பில் ஆண்டு இல்லாத நூல்களில் முகவுரையின் அடியில் தேதி கிடைப்பதுண்டு. வாசகர் பெயர் எழுதிய தவணைச் சீட்டு எந்தப் படத்திலும் விழக்கூடாது.

2. கேட்கும் விதம்

நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் எழுதும் நூலக வடிவம் மார்க். படங்களைச் செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவியிடம் கொடுத்து “மார்க் பதிவு தயாரித்துக் கொடு” என்று கேட்டால், பக்கத்தில் இல்லாத பதிப்பகத்தையும் அது நிரப்பிவிடும். இப்படிக் கேளுங்கள்: “அச்சாகியிருப்பதை வரி மாறாமல் தட்டச்சு செய். படிக்க முடியாத எழுத்துக்கு □ போடு. எண்களை மாற்றாதே.” வந்ததை எழுத்தெழுத்தாகப் படத்தோடு ஒப்பிடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, னை, லை வடிவங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

3. ஆண்டு

அதிகம் தவறுவது இங்கேதான். தமிழ் எண்களில் உள்ள ௧௮௮௭ என்பதைக் ‘கஅஅஎ’ என்று எழுத்தாகவே படித்துவிடும். ௲௮௱௮௰௭ என்றிருந்தால் ௲ (ஆயிரம்), ௱ (நூறு), ௰ (பத்து) மூன்றையும் விட்டுவிடும். இரண்டும் 1887தான்.

அடுத்தது வருஷப் பெயர். ‘சர்வசித்து வருஷம் தை மாதம்’ என்றால் 1887 என்று பதில் வரும், அது தவறு. சித்திரையில் தொடங்கும் சர்வசித்துவில் தை வருவதற்குள் ஆங்கில ஆண்டு 1888 ஆகிவிடுகிறது. அறுபது ஆண்டுக்கொருமுறை அதே பெயர் திரும்புவதால் 1948 தையும் சர்வசித்துதான். எந்தச் சுற்று என்பதை அச்சுக்கூடத்தின் பெயர், நூலாசிரியரின் காலம், விலை அச்சிட்ட விதம் ஆகியவற்றைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். மார்க் பதிவில் வெளியீட்டு விவரத்துக்கான 264ஆம் புலத்தில் அச்சிட்டபடி எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் [1888] சேருங்கள். விவரங்களைக் குறியீடாகத் தரும் 008ஆம் புலத்தின் 07–10 இடங்களிலும் அதே ஆண்டு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கோஹா ஆண்டுவாரியாக அடுக்கும்போது நூல் இடம் மாறிவிடும்.

4. பெயரும் பொருள் தலைப்பும்

ஆசிரியர் பெயரை, பல நாட்டு நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை இணைக்கும் வியாஃபில் பாருங்கள். தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயராக்கிவிடும் பிழை அடிக்கடி வரும்.

பொருள் தலைப்புக்கான 650ஆம் புலத்துக்கு உரையாடல் கருவிகளைவிட, தலைப்புகளைப் பரிந்துரைக்கும் ஃபின்லாந்து தேசிய நூலகத்தின் அன்னிஃப் மென்பொருள் மேல். கொடுத்த சொற்பட்டியலுக்குள் இருந்தே அது தேர்ந்தெடுக்கும், இல்லாத தலைப்பை உருவாக்காது. ஆனால் பயிற்றுவிக்க ஏற்கெனவே பட்டியலிட்ட பதிவுகள் வேண்டும். உரையாடல் கருவியையே பயன்படுத்தினால், அது தரும் ஒவ்வொரு தலைப்பையும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் அதிகாரக் கோப்பில் (ஏற்கப்பட்ட தலைப்புகளின் பட்டியலில்) தேடுங்கள். அச்சு அசலாகத் தோன்றும் தலைப்பு அங்கே இல்லாமலே போகலாம்.

5. 883

கருவி தந்த புலம் எது என்பதை மார்க்கின் 883ஆம் புலத்தில், பதிவிலேயே சொல்லிவிடுங்கள். முதல் குறியீட்டெண் 0 என்றால் முழுக்க இயந்திரம், 1 என்றால் ஓரளவு இயந்திரம். துணைப்புலம் ஏ-யில் கருவியும் பதிப்பு எண்ணும், டி-யில் தேதி. சி-யில் 0 முதல் 1 வரை நம்பக அளவு இடலாம். அன்னிஃப் கணக்கிட்டுத் தரும் மதிப்பெண்ணை அங்கே இடுங்கள். உரையாடல் கருவி “95 விழுக்காடு உறுதி” என்று சொல்வது கணக்கிட்டுப் பெற்ற எண் அல்ல, அதை இடாதீர்கள்.

பின்சேர்க்கை: படிவத்தில் 883 தெரியாவிட்டால், கோஹா நிர்வாகப் பகுதியின் மார்க் சட்டகத்தில் அந்தப் புலத்தைச் சேர்த்து, துணைப்புலங்களைத் தொகுப்பானில் தெரியும்படி அமையுங்கள்.