மெல்க் மடாலயம்: அரை மணி நேரத்தில் பார்க்க முடியாத இடம்

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவிலிருந்து மேற்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகப் போனால், டான்யூப் கரைப் பாறையின் மேல் மஞ்சளாக நீண்டு கிடக்கும் மெல்க் மடாலயம். பலர் இதற்குப் பயணத் திட்டத்தில் ஒதுக்குவது அரை மணி நேரம். கீழிருந்து ஒரு படம், முற்றத்தில் ஒரு படம், அப்புறம் அடுத்த ரயில். இதுதான் பெரிய தவறு. வெளிச்சுவரை மட்டும் பார்த்துத் திரும்புவதற்கு வியன்னாவிலேயே இருந்துவிடலாம். குறைந்தது மூன்று மணி நேரமாவது வேண்டும்.

பெனடிக்ட் சபைத் துறவிகள் 1089இல் இங்கே வந்தார்கள். இன்று நாம் பார்க்கும், பரோக் என்ற பகட்டான பழைய ஐரோப்பியப் பாணிக் கட்டடம் 1702இல் தொடங்கி 1736இல் முடிந்தது. அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் யாகோப் பிராண்ட்டவர் வேலை முடியும் முன்பே, 1726இல் இறந்துவிட்டார்.

உள்ளே அருங்காட்சியக அறைகள்தான் முதலில் வரும். பளிங்கு மண்டபம், ஆற்றைப் பார்த்த மொட்டைமாடி, நூலகம், தேவாலயம் எல்லாம் அதற்குப் பிறகு. முதல் அறையிலிருந்தே ஒவ்வொரு பலகையையும் வாசித்துக்கொண்டு போகிறவர்கள் நூலகத்துக்கு வரும்போது களைத்துப் போயிருப்பார்கள். காலையும் கண்ணையும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

பளிங்கு மண்டபத்தில் செய்யும் தவறு வேறு வகை: கண்ணை நம்புவது. அங்கே அசல் பளிங்கு கதவு நிலைகளில் மட்டும்தான். சுவரில் இருப்பது பளிங்கு போலப் பூசிய சுதை. விதானம் ஏதோ வானம் வரைக்கும் வளைந்து ஏறுவது போலத் தெரியும். உண்மையில் அது கிட்டத்தட்டத் தட்டையானது. உருவங்களைத் தீட்டியவர் பால் ட்ரோகர், தூண்களையும் மாடங்களையும் தீட்டியவர் கயெட்டானோ ஃபாண்டி. நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள், அப்படியே ஓரத்துக்கு நடந்து வந்து மறுபடி பாருங்கள். தூண்கள் சாயத் தொடங்கும். “போலியா?” என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கண்ணை ஏமாற்றுவதில்தான் பரோக் கலைஞனின் கெட்டிக்காரத்தனமே இருக்கிறது. எனக்கு அசல் பளிங்கைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

நூலகத்தில் கைப்பேசியை எடுக்காதீர்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அதற்காகப் பணியாளரிடம் வாதாடி நேரத்தை வீணாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் புத்தக முதுகுகளைப் போலவே செய்து மறைத்த கதவைத் தேடலாம். மடத்தில் சுமார் ஒரு லட்சம் நூல்கள் இருக்கின்றன, நம் கண்ணில் படுவது அதில் ஒரு பங்கு. ஐரோப்பாவில் அச்சுக்கோத்து அச்சடித்த முதல் பெரிய நூலான கூட்டன்பர்க் பைபிளின் பிரதி எங்கே என்று கேட்க வேண்டாம். அதை 1920களில் பணத்துக்காக விற்றுவிட்டார்கள், இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

தேவாலயத்தில் கண்ணாடிப் பேழைக்குள் அலங்கரித்த எலும்புக்கூடுகள் உண்டு. குழந்தைகளோடு போனால் முன்பே சொல்லி வையுங்கள். அங்கேதான் புனித கொலோமனின் கல்லறையும். அயர்லாந்திலிருந்து ஜெருசலேமுக்கு யாத்திரை கிளம்பியவர். உள்ளூர் மொழி தெரியாததால் ஒற்றன் என்று சந்தேகித்து 1012இல் தூக்கிலிட்டார்கள். மொழி தெரியாமல் ஊர் சுற்றும் நாம் ஒரு நிமிடம் அங்கே நிற்கலாம். துறவிகள் இன்னும் வாழ்ந்து வழிபடும் இடம் இது. செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, ஆனால் ஆண்கள் தொப்பியைக் கழற்றியாக வேண்டும்.

தேவாலயம் முடிந்ததும் வாசலைப் பார்த்து நடந்துவிடுகிறார்கள். பூங்காவில் இருக்கும் சிறு மாளிகையை விட்டுவிடாதீர்கள். யோஹான் வென்ஸல் பெர்கல் அதன் சுவரெல்லாம் தூரதேச மனிதர்களையும் விலங்குகளையும் கற்பனையில் தீட்டி வைத்திருக்கிறார். கூட்டமும் குறைவு.

படகில் வர நினைத்தால் திசையைக் கவனியுங்கள். நான் முதல் முறை, ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும் கிரெம்ஸ் ஊரிலிருந்து ஆற்றை எதிர்த்து வந்தேன். மூன்று மணி நேரம்! வந்து சேர்ந்தபோது பூங்காவுக்கு நேரமே இல்லை. காலையில் ரயிலில் மெல்க் வந்து, பார்த்து முடித்து, நீரோட்டத்தோடு கிரெம்ஸுக்குப் போனால் பாதி நேரம்தான் ஆகும். குளிர்காலத்தில் இந்தப் படகுகள் ஓடாது, மடத்துக்குள்ளும் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால், தின்பதற்கு வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஆஸ்திரியாவில் அன்றைக்குச் சூப்பர் மார்க்கெட்டுகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும்.