பைப் உடைஞ்சிருச்சா? பிளம்பர் வர்றதுக்குள்ள இத செய்யுங்க

பைப் உடைஞ்சு தண்ணி பீச்சி அடிக்குதுன்னா மொதல்ல போன எடுக்காதீங்க, மொட்டமாடிக்கு ஓடுங்க, டேங்குக்கு கீழ இருக்குற கேட் வால்வ மூடுங்க, பிளம்பருக்கு அப்புறம் சொல்லிக்கலாம். மண்டபம், பாம்பன் பக்கமெல்லாம் நல்ல தண்ணிய குடக்கணக்குல காசு குடுத்து வாங்குறோம், அது கண்ணு முன்னாடி சாக்கடைக்கு போறத பாத்தா வயிறு எரியும்.

தண்ணி சுவிட்ச் போர்டு பக்கம் போகுதுன்னா மெயின ஆஃப் பண்ணுங்க. போர்டே நனைஞ்சிருந்தா, இல்ல நீங்க தண்ணியில நிக்கிறீங்கன்னா அதுல கைய வைக்காதீங்க. மோட்டார் ஓடிக்கிட்டு இருந்தா அதையும் நிறுத்தணும்.

நம்ம ஊர்ல பெரிய தொல்லை என்னன்னா உப்புக்காத்து, வருசக்கணக்கா தொடாம விட்ட வால்வு அப்படியே இறுகி கெடக்கும், அவசரத்துல ஸ்பானர் போட்டு முறுக்குனா தண்டு ஒடிஞ்சு கையோட வந்துரும். கொஞ்சம் தேங்காண்ணெய் விட்டு முன்ன பின்ன ஆட்டி பாருங்க. அசையவே இல்லன்னா டேங்க் மூடிய தொறந்து உள்ளேருந்து அடைக்கணும். போன ஐப்பசி மழையில பக்கத்து வீட்டு அக்கா ராத்திரி பத்து மணிக்கு கூப்பிட்டாங்க, நாங்க செஞ்சது இதான்: பழைய கைலித்துணிய பந்தா சுருட்டி, பிளாஸ்டிக் பையில போட்டு, வலை கட்டுற நைலான் கயித்தால இறுக்கி கட்டி, கயித்தோட மறுமுனைய வெளிய கம்பியில முடிஞ்சிட்டோம். பந்த ஒரு நீள கம்பால அவுட்லெட் ஓட்டைகிட்ட தள்ளுனதும் தண்ணியே அத இழுத்து கப்புன்னு ஒட்ட வச்சிருச்சு, கீழ சத்தம் அடங்கிருச்சு. கயிறு கட்டாம விட்டா எடுக்க வழியில்ல, பந்து ஓட்டைய விட பெருசாவும் இருக்கணும். டேங்குக்குள்ள யாரும் எறங்கவே கூடாது, சின்னப்பிள்ளைகள மாடிக்கே விடாதீங்க.

பைப்புல கீறல் மட்டும்னா சைக்கிள் டியூப் போதும். ரெண்டு விரல் அகலத்துல நீளமா வெட்டி, பைப்ப துணியால தொடச்சிட்டு, கீறலுக்கு ஒரு சாண் முன்னாடியே ஆரம்பிச்சு நல்லா இழுத்து இழுத்து ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துல பாதிய மூடுற மாதிரி சுத்தி, மேல நைலான் கயித்தால வரிஞ்சு கட்டுங்க. ஓட்டைய அடைக்கிற எம்சீல் பசை ஈரத்துல சரியா பிடிக்காது, தண்ணிய நிறுத்தி பைப் காஞ்சப்புறம்தான் அத தொடணும்.

குழாய் தலை கழண்டு வந்துருச்சுன்னா வேலிக்கருவ குச்சிய முனை கூரா சீவி, துணி சுத்தி அடிச்சு ஏத்துங்க, மரம் ஈரத்துல ஊறி தானா இறுகிக்கும்.

டாய்லெட் அடைச்சுக்கிச்சுன்னா திரும்ப திரும்ப பிளஷ் பண்ணாதீங்க, நெறஞ்சு வெளிய வரும். அடைப்பெடுக்குற ரப்பர் பம்பு இருந்தா அழுத்தி பாருங்க. ஆசிட் மட்டும் ஊத்தாதீங்க, பின்னாடி கைய விடப்போறது பிளம்பர் அண்ணன்தான், அவருக்கு கண்ணு முகம் வெந்துரும். பிளீச்சிங் பவுடரோட ஆசிட் சேந்தா குளோரின் வாயு கிளம்பும், மூச்ச அடைக்கும், உயிருக்கே ஆபத்து.

பிளம்பர் வந்தா எங்க உடைஞ்சது, பைப் அரை இஞ்சா முக்கால் இஞ்சா, வெள்ளை பிவிசியா சுடுதண்ணிக்கு போடுற சிபிவிசியான்னு சொல்லிருங்க, கையோட சாமான் வாங்கிட்டு வருவார். ராமநாதபுரம் போயி வாங்கிட்டு வரணும்னா அன்னிக்கு பொழுது போச்சு. அவர் இருக்கும்போதே இறுகுன கேட் வால்வையும் மாத்திருங்க, அதுக்கப்புறம் மாசம் ஒருவாட்டி மூடி தொறந்து விடுங்க.