துப்பாக்கியைக் கையாள்வதில் உரிய கவனம் என்பது எது?

துப்பாக்கி தவறுதலாக வெடித்து ஒருவர் காயமடைந்தால், அதைக் கையில் வைத்திருந்தவர் என்ன நினைத்திருந்தார் என்பதைவிட, அந்த நிலையில் முன்யோசனையுள்ள ஒருவர் என்ன செய்திருப்பார் என்பதையே கவனக்குறைவு பற்றிய சட்டம் முதலில் பார்க்கிறது. 1816இல் இங்கிலாந்தில் தீர்ப்பான டிக்சன் எதிர் பெல் வழக்கில், குண்டு ஏற்றிய துப்பாக்கியை எடுத்துவரத் தம் பணிச்சிறுமியை அனுப்பிய உரிமையாளர், தீப்பற்றவைக்கும் மருந்தை அகற்றித் தருமாறு சொல்லியனுப்பியிருந்தார். அது அகற்றவும்பட்டது, ஆனால் குழலுக்குள் இருந்த குண்டை எவரும் எடுக்கவில்லை. அவள் விளையாட்டாக ஒரு சிறுவனை நோக்கி விசையை இழுக்க, துப்பாக்கி வெடித்து அவன் காயமடைந்தான். உரிமையாளரே பொறுப்பாளி என்று நீதிமன்றம் கருதியது.

பாதி வெறுமையாக்கும் இந்தத் தவறு மேகசின் (தோட்டாக்களை அடுக்கிய, கழற்றக்கூடிய கூடு) உள்ள இன்றைய கைத்துப்பாக்கிகளிலும் நேர்கிறது. மேகசினைக் கழற்றிவிட்டாலும் சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் அறைக்குள், ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். ஆகவே குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விசையைத் தொடாமல், முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் நகரும் பகுதியை, பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை வெளியேற்றி, அதைத் திறந்த நிலையிலேயே நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றினால், திரும்பி வரும் ஸ்லைடு மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிடும். அதன்பின் மேகசினைக் கழற்றியவர் வெறுமையாக்கிவிட்டதாகவே நம்புவார்.

சுடுவதென்று முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் உடற்பகுதியின் பக்கவாட்டில் நீட்டியிருக்க வேண்டும். கால் இடறும்போதோ திடுக்கிடும்போதோ கைவிரல்கள் தாமாகவே இறுகும் என்பதால், மன உறுதியை மட்டும் நம்பி விசைமேல் விரலை வைத்திருப்பதை உரிய கவனம் என்று நான் கருதமாட்டேன். தவறுதலாக வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டி பூட்டும் பழுதாகக்கூடிய ஓர் இயந்திர உறுப்பே. கைநழுவும் துப்பாக்கியைப் பாய்ந்து பிடிக்கவும் கூடாது, ஏனெனில் அந்தப் பிடி விசையில் விழக்கூடும்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், தோட்டா தாமதமாக வெடிக்கலாம் என்பதால், குழலை இலக்கின் திசையிலேயே வைத்துக் குறைந்தது 30 நொடிகள் காத்திருந்து, பிறகே வெறுமையாக்க வேண்டும். வழக்கத்தைவிட மெலிந்த ஓசை கேட்டால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம்; அடுத்து ஒருமுறை சுட்டால் குழல் வெடித்துப் பிளக்கக்கூடும், ஆகவே அங்கேயே நிறுத்தி, வெறுமையாக்கியபின் குழலைச் சோதிக்க வேண்டும்.

துப்பாக்கியைப் பூட்டி வைத்து, தோட்டாக்களை வேறிடத்தில் தனியே பூட்ட வேண்டும். சாவி குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் இருந்தால் பூட்டியதாகவே கொள்ள முடியாது. மற்றொருவரிடம் கொடுக்கும்போது சேம்பரைத் திறந்து காட்டிக் கொடுக்க வேண்டும். வாங்குபவரும், அதைத் தம் கண்ணெதிரே சோதித்ததைப் பார்த்திருந்தாலும், மீண்டும் தாமே சோதிக்க வேண்டும். கொடுப்பவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள இடமில்லை.