சாங்பியோங் தோங்போவில் பூத்த பச்சைப் பொடி: என் அனுபவம்

கொரியாவில் அரசர் சுக்ஜோங் காலத்தில், 1678 முதல் பெருமளவில் வார்க்கப்பட்ட சாங்பியோங் தோங்போ நாணயங்களைச் சேர்த்து வருகிறேன். வார்ப்பிலிருந்து எடுக்கும்போது கிளையில் இலைகள் போலத் தொங்கியதால் இவற்றுக்கு யோப்ஜோன், அதாவது இலைக்காசு, என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பெயர்தான் என்னை முதலில் ஈர்த்தது.

சென்ற மழைக்காலத்தில், பின்புறம் சதுரத் துளைக்கு மேலே கருவூலத் துறையின் எழுத்தைத் தாங்கிய ஒரு காசில் வெளிர்பச்சைப் புள்ளிகளைக் கண்டேன். செம்புக் காசின் மேல் காலப்போக்கில் படியும் பழைய களிம்பு கெட்டியாக இருக்கும். இதுவோ பல்குச்சி பட்டதும் மாவாக உதிர்ந்தது. உலோகத்தினுள் தங்கிய குளோரைடு, ஈரக்காற்றுடன் சேர்ந்து செம்பைத் தொடர்ந்து அரிக்கும் ‘வெண்கல நோய்’ அது. எண்ணெய் தடவிப் பார்த்தேன். அதன் அடியிலேயே புள்ளிகள் பெருகின.

பின்னர் அசிட்டோனால் எண்ணெயை நீக்கி, பூதக்கண்ணாடியின் கீழ் மூங்கில் குச்சியால் பொடியைச் சுரண்டியெடுத்து, காய்ச்சி வடித்த நீரில், குளோரைடை வெளியேற்ற உதவும் காரத்தன்மையுள்ள உப்பான சோடியம் செஸ்குவிகார்பனேட்டை 5 சதவீதம் கலந்து காசை ஊறவைத்தேன். வாரந்தோறும் கரைசலை மாற்றி, ஏழு வாரங்கள் பொறுத்திருந்தேன். களிம்பின் நிறம் சற்றே மாறியது வருத்தம்தான். ஆனாலும் எலுமிச்சையோ புளியோ தேய்த்திருந்தால் களிம்பே போயிருக்கும். வடிநீரில் பலமுறை அலசி, நன்கு உலர்த்திய பின், ஈரப்பஞ்சு வைத்து மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்துச் சோதித்தேன். புதிய புள்ளி எதுவும் தோன்றவில்லை. இப்போது அது சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் தனிப்பெட்டியில் இருக்கிறது.