சப்பாத்துப் பெட்டியில் சுமோ

மழைநாளில் வெள்ளவத்தை மாடிவீட்டுக்குள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்களுக்குக் கைகொடுத்தது காகித சுமோ: ஜப்பானிய மல்யுத்தமான சுமோவை, காகித வீரர்களை வைத்துச் சப்பாத்துப் பெட்டியில் ஆடுவது. ஜப்பானில் இதை ‘டொன்டொன்-சுமோ’ என்பார்கள். விரலால் தட்டும் சத்தம்தான் அந்த ‘டொன்டொன்’.

1. பெட்டியைக் கவிழ்த்து, சாசரை வைத்து வட்டம் கீறுங்கள். நிஜ மேடை களிமண்ணால் ஆனது, வட்டத்தின் விட்டம் 4.55 மீற்றர். அதைத் தரையில் அளந்து காட்டுங்கள். எங்கள் ஹோலுக்குள் அது அடங்கவில்லை.

2. பிரிஸ்டல் போர்டை மடித்து, மடிப்பு முதுகுப் பக்கம் வரும்படி வீரனைப் பக்கவாட்டில் கீறி, இரண்டு தாளையும் சேர்த்து வெட்டுங்கள். மடிப்பில் கத்தரி படக்கூடாது. கால்பக்கம் நேராக இருந்தால்தான் நிற்கும். குடுமியும், இடுப்பில் ‘மவாஷி’ என்ற கச்சையும் முக்கியம். நாங்கள் முதலில் பழைய கலியாண அழைப்பிதழ் அட்டையில் வெட்டினோம். அந்தப் பளபளப்புக்கு வழுக்கி, தட்டுமுன்பே இரண்டு பேரும் படுத்துவிட்டார்கள்.

3. பெயர் வையுங்கள். சுமோ வீரர் பலரின் பெயர் ‘யமா’ என்று முடியும். “எமனா?” என்று மகன் முழித்தான். மலை என்று விளக்கியதும், பிதுருதலாகல மலையை நினைத்துத் தன் ஆளுக்குப் ‘பிதுருயமா’ என்று வைத்துவிட்டான்.

4. உடனே தட்டத் தொடங்கவேண்டாம். ஆட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கிறது. மேல்நிலை வீரர்கள் மேடையைத் தூய்மையாக்க உப்பு வீசுவார்கள். அம்மம்மா கண்ணூறு கழிக்க உப்பு எடுப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு சிட்டிகை போதும், நிலத்தில் போடுங்கள். பெட்டியில் போட்டால் ஆட்கள் சறுக்குவார்கள். அப்புறம் இருவரும் எதிரெதிரே குனிந்து வணங்க வேண்டும்.

5. இப்போது பெட்டியின் ஓரத்தை விரல்நுனியால் தட்டுங்கள். ஊதக்கூடாது. நடுவர் “நொகொட்டா, நொகொட்டா” என்பார்: இன்னும் வட்டத்துக்குள்தான் இருக்கிறாய் என்று அர்த்தம். விழுந்தாலோ வெளியே போனாலோ தோல்வி. சரி, வென்றவர் துள்ளிக் குதிக்கலாமா? கூடாது, மறுபடி வணக்கம். எங்கள் வீட்டில் ஆகக் கஷ்டமான கட்டம் இதுதான்.

விளையாடிய பிறகு நிஜப் போட்டியின் காணொளி ஒன்றைக் காட்டுங்கள். ஆண்டுக்கு 6 பெரும் போட்டிகள், ஒவ்வொன்றும் 15 நாள். அதைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள், “ஏன் அக்காமார் ஒருத்தரும் இல்லை?” தொழில்முறைச் சுமோவில் பெண்கள் மேடை ஏற அனுமதி இல்லை, அமெச்சூர் சுமோவில் பெண்களும் மோதுகிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வீரனுக்கு இரட்டைப் பின்னல் கீறினாள்.