ரெயூனியனில் மாணவர் விடுதி அறை பெறுவது எப்படி: மார்ச்சிலேயே தொடங்குங்கள்

என் பெரியவள் படிக்க ஆசைப்பட்டது பிரான்சைச் சேர்ந்த இந்த ரெயூனியன் தீவின் தெற்கில் இருக்கும் லெ தம்போன் பல்கலைக்கழக வளாகத்தில். நாங்கள் இருப்பதோ வடகிழக்கில், சேன் ஆந்த்ரேயில். காலை எட்டு மணி வகுப்புக்கு தினமும் பஸ் மாறி மாறிப் போய்வருவது நடக்காத காரியம். அறை தேடித்தான் ஆகவேண்டும் என்று இறங்கினோம். கோயிலில் பார்க்கும் அம்மாக்கள் எல்லாரும் இதையே கேட்பதால், நாங்கள் செய்தபடியே எழுதுகிறேன்.

முதல் படி: விண்ணப்பம்

பல்கலைக்கழக விடுதிகளை நடத்துவது குரூஸ் என்ற அரசு அமைப்பு. அதன் வாசல் ‘தொசியே சொசியால் எத்யூதியான்’ என்ற ஒரே விண்ணப்பம். உதவித்தொகையான பூர்ஸும் விடுதியும் இரண்டுமே அதில்தான் கேட்கவேண்டும். சமீப ஆண்டுகளில் இது மார்ச் தொடக்கத்தில் திறந்து மே 31 அன்று மூடுகிறது. “எங்களுக்கு சம்பளம் அதிகம், பூர்ஸ் வராது” என்று போடாமலே விடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படி விடாதீர்கள். பூர்ஸ் இல்லாவிட்டாலும் அறை கேட்கலாம். எந்தக் கல்லூரியில் இடம் என்று சொல்லும் பார்கூர்சூப் தளத்தின் முடிவு வரட்டும் என்றும் காத்திருக்கவேண்டாம். அது ஜூனில்தான் வரும், அதற்குள் இங்கே கதவு மூடிவிடும். பிள்ளை பிரான்சுக்குப் போக வாய்ப்பிருந்தால் அந்த ஊரையும் சேர்த்தே போடுங்கள். என்னைக் கேட்டால் சித்திரை பிறப்பதற்குள் முடித்துவிடவேண்டும்.

இரண்டாம் படி: வரித்தாள்

நாங்கள் விழுந்த இடம் இதுதான், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். பெற்றோரின் ‘அவி தேம்போசிசியோன்’ கேட்பார்கள். வரி இலாகா கணக்குப் போட்டு நமக்கு அனுப்பும் தாள் அது. நாம் நிரப்பிக் கொடுக்கும் ‘தெக்லராசியோன்’ வேறு. நான் முதலில் அதைத்தான் ஏற்றினேன். திரும்பி வந்தது. பிறகு சரியான தாளைத் தேடி ஏற்றினேன். அதுவும் திரும்பி வந்தது. இரவு பத்து மணிக்கு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையில் விரல் வைத்தாள்: “அம்மா, இது வேற வருஷத்துத் தாள்மா.”

விஷயம் இதுதான். தாளின் முதல் பக்கத்தில் இரண்டு வருடங்கள் இருக்கும்: தாள் போடப்பட்ட வருடம், சம்பாதித்த வருடம். 2025 செப்டம்பரில் படிப்பு தொடங்கும் பிள்ளைக்குக் கேட்டது 2024இல் வந்த தாள், அதாவது 2023 வருமானம். நான் கைக்குக் கிடைத்ததை ஏற்றியிருந்தேன். சுலபமாக நினைவில் வைக்க: படிப்பு தொடங்கும் வருடத்திலிருந்து இரண்டைக் கழியுங்கள், அந்த வருடத்து வருமானம்தான் கேட்கிறார்கள். இடையில் வேலை போனது, கணவர் இறந்தது, விவாகரத்து என்று வருமானம் குறைந்திருந்தால் அதற்குரிய தாள்களோடு தெரிவியுங்கள், அண்மை வருமானத்தைக் கணக்கில் எடுக்க வழி இருக்கிறது.

போனில் தாளைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். வரி இலாகாவின் தளத்தில் உங்கள் கணக்கிலிருந்து பி.டி.எஃப். ஆகவே இறக்குங்கள், எல்லாப் பக்கமும். இந்த வேலை முழுவதையும் நான் கணினியில் செய்யத்தான் சொல்வேன். போனில் பாதிப் பக்கம் விடுபட்டாலும் கண்ணில் படாது. பிள்ளையின் இ-என்-எ எண்ணை (மாணவர் அடையாள எண்) லிசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில் கேட்டு முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பதில் வந்தால்

மின்னஞ்சலில் வரும். அறை கிடைத்தால் குறிப்பிட்ட நாளுக்குள் உறுதிசெய்து முன்பணம் கட்டவேண்டும். எங்களிடம் 100 யூரோ வாங்கினார்கள். நாள் தவறினால் அறை அடுத்தவருக்குப் போய்விடும். முதல் சுற்றில் கிடைக்காவிட்டால் மனம் தளராதீர்கள். யாராவது வேண்டாம் என்று விட்ட அறைகள் பிரான்சின் கோடையில் மறுபடி திறக்கும் (நமக்குத்தான் அது குளிர்காலம்). காலை, மாலை இரண்டு வேளையும் தளத்தைப் பாருங்கள்.

நான்காம் படி: ஜாமீன்

வாடகைக்கு ஜாமீன் நிற்கச் சொல்லி மாமா, சித்தப்பா என்று யாரையும் சங்கடப்படுத்தவேண்டாம். 18 முதல் 30 வயது வரை உள்ள மாணவருக்கு ‘விசால்’ என்ற ஜாமீன் இலவசம், ஆக்சியோன் லொழ்மான் என்ற அமைப்பு தருகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வாங்கியிருக்கவேண்டும், பிறகு கேட்டால் பயனில்லை.

ஐந்தாம் படி: தனியார் அறை பார்த்தால்

விடுதி வராவிட்டால் என்ன என்று நாங்களும் இரண்டு மூன்று பார்த்தோம். ஒருவர் அறையைக் காட்டுவதற்கு முன்பே பணம் அனுப்பச் சொன்னார். அங்கேயே விட்டுவிட்டோம். சட்டப்படி தட்டுமுட்டுச் சாமான் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகை, சாமானோடு இருந்தால் அதிகபட்சம் இரண்டு மாதம், அதற்குமேல் காப்புத்தொகை கேட்கக்கூடாது. மாணவருக்கென்று ஒன்பது மாத ஒப்பந்தமும் உண்டு. விடுமுறை மாதங்களுக்கு வாடகை கட்டவேண்டாம் என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

அறைக்குள் போனதும் அலமாரியின் பின்பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். நாங்கள் பார்த்த ஒன்றில் கை ஈரமாகி வந்தது, மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. ஜன்னலின் மரக்கதவு சரியாகத் தாழ் விழுகிறதா என்றும் பாருங்கள். 2025 பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் புயல் அடித்ததைப் பார்த்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. சாவி வாங்கும்போது அறையின் நிலையைப் பற்றி எழுதும் ‘எத்தா தே லியூ’ தாளில் ஒவ்வொரு கீறலையும் குறியுங்கள். விட்டுப்போனதைச் சேர்க்க 10 நாள் அவகாசம் உண்டு.

ஆறாம் படி: காஃப்

விடுதியானாலும் தனியார் அறையானாலும் வீட்டு உதவித்தொகைக்குப் பிள்ளை தன் பெயரில் காஃப்பில் (குடும்ப உதவித்தொகை அலுவலகம்) மனுப் போடலாம். குடியேறிய மாதத்திலேயே போடுங்கள். பொதுவாக அடுத்த மாதத்திலிருந்துதான் பணம் வரும், தாமதித்த மாதங்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு தாய், மகனின் மனு ஏற்றதும் தன் குடும்ப உதவித்தொகை நின்றுவிட்டதாக எழுதினார். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். பிள்ளை தன் பெயரில் வீட்டு உதவி வாங்கினால், காஃப் கணக்கில் உங்கள் பிள்ளையாக எண்ணப்படமாட்டான். பிரான்சில் குடும்ப உதவித்தொகை இரண்டாவது பிள்ளையிலிருந்துதான் தொடங்குகிறது. இங்கே முதல் பிள்ளைக்கே உண்டு. அதனால் ஒரே பிள்ளை உள்ள வீட்டுக்கும் இழப்பு வரும். பிள்ளைக்கு 20 வயது ஆகாதவரை இரண்டு தொகையையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள், காஃப் தளத்திலேயே கணக்கிடும் கருவி இருக்கிறது. எங்கள் வீட்டில் சின்னவனும் இருப்பதால் இரண்டு நாள் யோசித்து, அவள் பெயரிலேயே போட்டோம்.