சைடு ஸ்டாண்ட் எந்தப் பக்கமோ, நீங்களும் அந்தப் பக்கம்

பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் கிளட்சையும் கியரையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். எந்தப் பக்கம் நின்று ஏறுவது என்பதை மட்டும் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஒருநாள் வண்டியின் இடப்பக்கம் சுவர் நெருக்கமாக இருந்தது. நகர்த்தச் சோம்பல்பட்டு, வலப்பக்கம் நின்று ஹேண்டில்பாரை என் பக்கம் இழுத்துக்கொண்டே காலைத் தூக்கினேன். வண்டி நிமிர்ந்தது, நிமிர்ந்த வேகத்திலேயே என்மேல் வந்து விழுந்தது.

சைடு ஸ்டாண்ட் ஏறத்தாழ எல்லா பைக்குகளிலும் இடப்பக்கம்தான். குதிரையில் இடப்பக்கம் ஏறிய பழக்கத்தின் மிச்சம் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். இடுப்பின் இடப்பக்கம் தொங்கிய வாள் காலில் இடறாமல் ஏற அதுவே வசதி. பழைய பிரிட்டிஷ் பைக்குகள் பலவற்றில் கியர் வலது காலில் இருந்தது. அவற்றிலும் ஸ்டாண்ட் இடப்பக்கமே.

இடப்பக்கம் நிற்பவரை நோக்கி வண்டி சாய்ந்திருப்பதால் இருக்கை தாழ்ந்து கிடைக்கும். வலது காலை வீசிப் போட்டுவிடலாம். கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் ஸ்டாண்ட் தாங்கிக்கொள்ளும். வலப்பக்கம் நிற்பவருக்கு இருக்கையும் உயரம், தாங்கவும் ஒன்றுமில்லை. 150 கிலோ வண்டி செங்குத்தாக நிற்கும்போது இரண்டு விரலால் பிடித்து நிறுத்தலாம். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் சாய்ந்துவிட்டால் இரண்டு கையும் போதாது. போதாக்குறைக்குப் பல வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம் இருக்கிறது. கெண்டைக்காலில் அதன் தழும்பு உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். முழங்கால் வலி போன்ற காரணத்தால் வலப்பக்கம்தான் ஏற முடியும் என்றால், வண்டியை உங்கள் பக்கம் இழுக்காமல் ஸ்டாண்ட் பக்கமாகவே பாரத்தைக் கொடுத்து ஏறுங்கள்.

சரியான பக்கம் நின்றும் தவறு செய்பவர்கள் உண்டு. ஏறும்போது வலது கை முன் பிரேக்கை அழுத்தியிருக்க வேண்டும். பலர் பதற்றத்தில் இடது கையால் கிளட்சைப் பிடிக்கிறார்கள். கியரில் நிற்கும் வண்டியின் சக்கரத்தைக் கட்டியிருப்பது என்ஜின்தான். கிளட்சைப் பிடித்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. லேசான இறக்கமாக இருந்தால் வண்டி முன்னே நகரும். ஸ்டாண்ட் பின்பக்கமாக மடிவது. வண்டி முன்னே உருண்டால் அதுவாகவே மடிந்துகொள்ளும். ஒரு கால் தரையிலும் ஒரு கால் காற்றிலுமாக நிற்கும் நேரம் அது.

இதே காரணத்தால், சரிவில் நிறுத்தும்போது வண்டியின் முகம் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். முதல் கியரில் விட வேண்டும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்துபவர்கள் ஸ்டாண்டை மடிக்கும் திசையிலேயே வண்டியைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். திரும்ப எடுக்கும்போது மேட்டில் பின்னோக்கித் தள்ளும் தண்டனையும் உண்டு.

இறங்கும்போது அவசரம் கூடாது. ஸ்டாண்டைக் காலால் தட்டிய சத்தத்தை நம்பி வண்டியைச் சாய்த்துவிடாதீர்கள். கடைசிவரை முன்னே தள்ளி, ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுதாகத் திருப்பி, வண்டியின் பாரம் ஸ்டாண்டில் இறங்கியதை உணர்ந்த பிறகு காலை எடுங்கள். தரையையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. இடப்பக்கம் மேடாக இருந்தால் வண்டி அளவுக்கு மீறி நிமிர்ந்து நிற்கும். யாராவது உரசிச் சென்றாலே வலப்பக்கம் சாயும். வெயிலில் இளகிய தாரிலும் மணலிலும் ஸ்டாண்ட் மெல்லப் புதையும். அடியில் ஒரு தட்டைக் கல் போதும்.

சென்டர் ஸ்டாண்ட் போடக் கைகளால் வண்டியைத் தூக்குவது இன்னொரு வீண் வேலை. இடப்பக்கம் நின்று, ஸ்டாண்டின் இரண்டு கால்களும் தரையைத் தொடும்வரை வண்டியை நிமிர்த்தி, வலது காலால் மிதித்து ஏறி நிற்பதுபோல் உடம்பின் எடையைக் கொடுத்தால் வண்டி தானே பின்னேறும். கைகளின் வேலை அது சாயாமல் பார்ப்பது மட்டுமே.

பின்னால் உட்காருபவரும் இடப்பக்கமே ஏறட்டும். ஓட்டுபவர் இரு கால்களையும் ஊன்றி, பிரேக்கைப் பிடித்துத் தலையசைத்த பிறகு. இறங்கும்போது பின்னால் இருப்பவர் முதலில். சுவரோரம் நிறுத்த நேர்ந்தால் ஸ்டாண்ட் பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விடுங்கள். கியரில் விட்ட வண்டியை மறுநாள் எடுக்கும்போது முதலில் ஏறி உட்கார்ந்து, பிரேக்கைப் பிடித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பிறகே ஸ்டார்ட்டரில் கை வையுங்கள். ஸ்டாண்டை மடக்கவும் மறக்காதீர்கள். நீட்டியபடியே கிளம்பினால் முதல் இடப்பக்கத் திருப்பத்தில் அது தரையில் தட்டும்.